பிராக்கன்ஹர்ஸ்டில் சுக்காவின் கல்: இங்கிலாந்தின் ஊர்த் தேவாலயப் போர் நினைவிடங்களைப் புரிந்துகொள்ள

தென் இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் காட்டுப் பகுதியில் பிராக்கன்ஹர்ஸ்ட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளி மேட்டின் மேல் புனித நிக்கோலாஸ் ஆலயம். 1086ஆம் ஆண்டு இங்கிலாந்து முழுதும் நடந்த டூம்ஸ்டே நிலக் கணக்கெடுப்பிலேயே இடம்பெற்ற பழைய ஆலயம் அது. அதன் கல்லறைத் தோட்டத்தில், ஊர்க்காரர்களின் பாசி படிந்த கற்களைத் தாண்டிப் போனால், வரிசை பிசகாமல் நிற்கும் போர்க்காலக் கற்கள் வரும். முதல் உலகப் போரின்போது இறந்த நியூசிலாந்து நாட்டவர் 93 பேர் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். இந்தியர் 3 பேரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அந்த மூவரில் ஒருவர் பெயர் சுக்கா. வட இந்தியாவின் பரேலி நகரத்தைச் சேர்ந்தவர். துப்பாக்கி ஏந்தியவர் அல்ல, ராணுவ மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்த்தவர். அவர் கிறிஸ்தவர் அல்லர் என்பதைக் கல்லே வெளிப்படையாகச் சொல்கிறது.

இந்தக் கல்லறையைப் பற்றி முதன்முறையாகக் கேள்விப்படுகிறவர்களுக்கு மூன்று சந்தேகங்கள் வருவது இயல்பு:

1. போர் நினைவிடம் ஏன் ஒரு தேவாலய வளாகத்துக்குள் இருக்கிறது?
2. யார் பெயரைப் பொறிப்பது என்று யார் முடிவு செய்தார்கள்?
3. நூறு ஆண்டு பழைய கல்லுக்கு இவ்வளவு சட்டப் பாதுகாப்பு எதற்கு?

இவற்றுக்கு விடை தேட, கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்க வேண்டும்.

முதலில் சில சொற்கள்

இங்கிலாந்தில் 'பங்கு' என்பது ஒரு தேவாலயத்தின் எல்லைக்கு உட்பட்ட ஊர். பல நூற்றாண்டுகள் அதுவே கடைசி நிலை உள்ளாட்சியாகவும் இருந்தது. ஏழைகளுக்கு உதவுவது, சாலையைப் பார்த்துக்கொள்வது, ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவது எல்லாம் பங்கின் வேலை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆலய நிர்வாகமும் ஊர் நிர்வாகமும் தனித்தனியாகப் பிரிந்தன. ஆனாலும் ஆலயத்தைச் சுற்றியுள்ள கல்லறைத் தோட்டம் ஊருக்குப் பொதுவான இடம் என்ற எண்ணம் மக்கள் மனத்தில் அப்படியே இருந்தது.

அப்படிப்பட்ட தோட்டத்துக்குள் 'போர் நினைவிடம்' என்று சொல்லப்படுபவை உண்மையில் மூன்று வகை. இவற்றைப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிக் கேள்விகள் வருகின்றன.

1. ஊர் நினைவுச் சின்னம். பெரும்பாலும் கல் சிலுவை. வெளிநாட்டில் இறந்த ஊர்க்காரர்களின் பெயர்கள் அதில் இருக்கும். அடியில் யாரும் புதைக்கப்பட்டிருக்க மாட்டார்கள்.
2. போர்க் கல்லறை. இங்கிலாந்து மண்ணில், மருத்துவமனையிலோ பயிற்சி முகாமிலோ இறந்தவரின் உண்மையான சமாதி. இதைப் பராமரிக்கும் பொறுப்பு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்துடையது.
3. தனியார் நினைவுக் கல். ஒரு குடும்பம் தன் மகனுக்காகவோ, ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒருவருக்காகவோ வைத்தது.

சுக்காவின் கல் இரண்டாம் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் நடுவில் நிற்கிறது. சமாதி போர்க்கால சமாதி. கல்லை வைத்தவர்கள் பிராக்கன்ஹர்ஸ்ட் பங்கின் மக்கள்.

சாதாரணச் சிப்பாய்க்குப் பெயர் கிடைத்தது எப்போது?

இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களுக்குள் போனால் சுவரில் பளிங்குப் பலகைகள் தெரியும். வாட்டர்லூ, கிரிமியா, இந்தியப் போர்கள் என்று பல இடங்களில் இறந்த அதிகாரிகளின் பெயர்கள் அவற்றில் இருக்கும். அவர்களோடு செத்த சிப்பாய்களின் பெயர்கள் பெரும்பாலும் இருக்காது. சிப்பாய் கூலிக்குச் சேர்ந்தவன், ஊரைவிட்டுப் போனவன் என்பதுதான் அன்றைய பார்வை. போர்க்களத்தில் அவன் உடல் பொதுக்குழியில் போயிற்று.

1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் இது மாறத் தொடங்கியது. தொழில்முறைச் சிப்பாய்களோடு ஊரிலிருந்து தாமாக முன்வந்தவர்களும் கப்பலேறினார்கள். கடைப் பையன், தச்சர் மகன், பள்ளி ஆசிரியர் என்று எல்லோருக்கும் தெரிந்த முகங்கள். அவர்கள் திரும்பாதபோது ஊர்கள் பெயர்ப்பட்டியல் வைக்கத் தொடங்கின.

1914இல் தொடங்கிய போரோ கணக்கையே மாற்றிவிட்டது. ஒரே ஊர், ஒரே ஆலை, ஒரே தெருவைச் சேர்ந்தவர்களை ஒரே படைப்பிரிவில் சேர்க்கும் முறை இருந்தது. அந்தப் பிரிவு ஒரு காலையில் சிதறினால் ஊரில் தெருத்தெருவாகச் சாவுச் செய்தி வந்தது. 1916இல் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் வந்தபின், விருப்பத்தோடு போனவன் என்றுகூடச் சொல்லித் தேற்றிக்கொள்ள வழியில்லாமல் போயிற்று.

உடல் வீடு திரும்பாது என்ற முடிவு

என் பார்வையில் எல்லாவற்றுக்கும் மையம் 1915இல் எடுக்கப்பட்ட ஒரு முடிவுதான். அதைப் புரிந்துகொண்டால் ஊர்ச் சிலுவைகள் ஏன் ஆலயத் தோட்டத்தில் வந்தன என்பது விளங்கிவிடும்.

அந்த ஆண்டு ஏப்ரலில் வில்லியம் கிளாட்ஸ்டன் என்ற இளம் நாடாளுமன்ற உறுப்பினர் பிரான்சில் கொல்லப்பட்டார். முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரன். குடும்பத்தின் செல்வாக்கால் மன்னரின் அனுமதி பெற்று உடல் தோண்டியெடுக்கப்பட்டு, வேல்ஸில் உள்ள ஹவார்டன் ஊர்த் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அந்த வசதி ஒரு சுரங்கத் தொழிலாளியின் தாய்க்கு உண்டா? இல்லை. இனி யாருடைய உடலையும் நாட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்ற தடை அதற்கு அப்புறம்தான் இறுகியது.

போர்க்களச் சமாதிகளைப் பதிவு செய்யும் வேலையைத் தொடங்கியவர் ஃபேபியன் வேர். அவர் முயற்சியால் 1917 மே மாதம் அரச சாசனத்தின் மூலம் பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம் உருவானது. இன்றைய காமன்வெல்த் ஆணையத்தின் பழைய பெயர் அது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த ஃபிரெடெரிக் கென்யன் 1918இல் தந்த அறிக்கை அடிப்படைக் கொள்கைகளை வகுத்தது: தளபதியோ சிப்பாயோ, எல்லோருக்கும் ஒரே அளவுக் கல். உடல் விழுந்த நாட்டிலேயே அடக்கம்.

கல்லின் வடிவத்தின் மேல் பெரிய சண்டையே நடந்தது. மூன்று மகன்களைப் போரில் பறிகொடுத்த ஃப்ளாரன்ஸ் செசில், கிறிஸ்தவச் சிலுவைதான் வேண்டும் என்று கேட்டு ஒரு மனுவை முன்னெடுத்தார். 8,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். 1920 மே மாதம் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. இறுதியில் தட்டையான கல்லே நின்றது. சிலுவை, யூதர்களின் சின்னமான தாவீதின் விண்மீன், அரபு எழுத்து எதை வேண்டுமானாலும் அதன்மேல் பொறிக்கலாம், எதையும் பொறிக்காமலும் விடலாம் என்பது அதற்கான காரணங்களில் ஒன்று. பல மதத்தவரும் சாகும் படைக்கு அது பொருந்தியது. கல்லின் கீழே குடும்பத்தார் 66 எழுத்துகளுக்குள் ஒரு வரி சேர்க்கலாம் என்று பிரிட்டன் அனுமதித்தது. நியூசிலாந்து அரசோ சமத்துவம் கெட்டுவிடும் என்று அந்த ஒரு வரியையும் மறுத்துவிட்டது. பிராக்கன்ஹர்ஸ்டில் நியூசிலாந்து வரிசை அவ்வளவு மௌனமாக இருப்பதன் பின்னணி இதுதான்.

சரி, இந்தக் கொள்கையின் விளைவு என்ன? பிரிட்டனில் பல லட்சம் குடும்பங்களுக்குப் போய் அழுவதற்குச் சமாதி இல்லை. பிரான்சுக்குப் போய்வரும் வசதியும் பெரும்பாலோருக்கு இல்லை. எனவே ஊர்ச் சிலுவை வெறும் நினைவுச் சின்னமாக இல்லாமல் சமாதியின் இடத்தைப் பிடித்தது. தாய் தந்தையின் சமாதி இருக்கும் அதே தோட்டத்தில் மகனின் பெயரும் இருக்க வேண்டும் என்று மக்கள் நினைத்தார்கள். தேவாலயத்துக்கு வருகிற ஒவ்வொரு ஞாயிறும் பூ வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. தோட்டத்தில் நிலத்துக்குத் தனியே பணம் கொடுக்க வேண்டாம் என்பதும் காரணம்தான், ஆனால் அது சிறிய காரணம்.

பெயர்ப்பட்டியல் என்பது ஒரு தீர்ப்பு

இந்தச் சின்னங்களுக்கு அரசு பணம் தரவில்லை, விதியும் போடவில்லை. ஊருக்கு ஒரு குழு அமைந்தது. வீடு வீடாகப் பணம் திரட்டினார்கள், கற்தச்சரிடம் விலை கேட்டார்கள், பெயர்களைச் சேகரித்தார்கள். சிலுவை வேண்டுமா, ஊர் மண்டபம் கட்டலாமா, மருத்துவமனைக்குப் பணம் கொடுக்கலாமா என்று மாதக்கணக்கில் வாக்குவாதம் நடந்த ஊர்கள் உண்டு. மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் போன்ற தனிச் சபையினர், ஆங்கிலிக்கன் எனப்படும் இங்கிலாந்துத் திருச்சபையின் தோட்டத்துக்குள் பொதுச் சின்னம் வைப்பதை எதிர்த்ததும் உண்டு.

யார் ஊர்க்காரர் என்பதற்குப் பொது வரையறை இல்லை. பிறந்தவரா, வேலை பார்த்தவரா, பெற்றோர் அங்கே வாழ்பவரா? ஊருக்கு ஊர் வேறு முடிவு எடுத்ததால் ஒரே ஆளின் பெயர் இரண்டு மூன்று சின்னங்களில் இருக்கும். வேறு ஒருவர் பெயர் எங்குமே இருக்காது. சின்னம் திறந்தபின் காயத்தாலோ நஞ்சு வாயுவாலோ மெல்ல இறந்தவர்கள் பலர் விடுபட்டார்கள்.

விடுபட்டவர்களில் மிகவும் வேதனையானது ராணுவமே சுட்டுக் கொன்றவர்களின் கதை. போர்க்களத்தைவிட்டு ஓடியது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காக மரண தண்டனை பெற்ற 306 பேருக்கு 2006ஆம் ஆண்டின் ஆயுதப்படைச் சட்டம் மன்னிப்பு வழங்கியது. அவர்களில் பலரின் பெயரை ஊர்ச் சின்னத்தில் சேர்க்கவில்லை. லிங்கன்ஷயரின் ஃபுல்ஸ்டோ ஊர் வேறு வழியில் போனது. அப்படித் தண்டனை பெற்ற ஊர்க்காரர் ஒருவரின் பெயர் இல்லையென்றால் எங்கள் பிள்ளைகளின் பெயரும் வேண்டாம் என்று மற்றக் குடும்பங்கள் சொல்லிவிட்டன. அந்த ஊரில் 2005 வரை சின்னமே எழவில்லை. எழுந்தபோது அவர் பெயரும் இருந்தது.

வரலாற்று ஆய்வாளர்கள் இந்தக் கற்களை ஆவணமாகப் படிப்பதற்குக் காரணம் இதுதான். பதவி வரிசையில் பெயர்கள் இருக்கின்றனவா, அகர வரிசையிலா? பதவியே போடாமல் பெயர் மட்டுமா? போர் முடிந்த ஆண்டு 1918 என்று இருக்கிறதா, 1919 என்றா? (1918இல் சண்டை நின்றது. சமாதான ஒப்பந்தம் 1919 ஜூனில்தான் கையெழுத்தானது. அதனால் இரண்டும் சரியே.) இவை ஒவ்வொன்றும் அந்த ஊர் தன்னை எப்படிப் பார்த்தது என்று சொல்லும்.

சுக்கா எப்படி அங்கே வந்தார்

1914 செப்டம்பர் கடைசியில் இந்தியப் படைகள் மார்சேய் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கின. லாகூர், மீரட் என்ற இரு காலாட்படைப் பிரிவுகள். அக்டோபரிலேயே பெல்ஜியம், வட பிரான்சின் சேற்றுக் குழிகளுக்குள் போனார்கள். காயம்பட்டவர்கள் தென் இங்கிலாந்துக்கு வந்தார்கள். பிரைட்டனில் அரண்மனையே மருத்துவமனையானது. பிராக்கன்ஹர்ஸ்டில் அன்றைய இந்திய வைஸ்ராய் ஹார்டிஞ்சின் மறைந்த மனைவியின் பெயரால் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவமனை எழுந்தது. ஊரில் மீரட் சாலை என்ற பெயர் இன்றும் இருக்கிறது.

இந்திய ராணுவத்தில் போரிடுவோர் ஒரு பகுதி என்றால், அவர்களைத் தாங்கிய பணியாளர் இன்னொரு பகுதி. தண்ணீர் கொண்டுவருபவர், சமையல்காரர், பல்லக்குத் தூக்கி, சலவைக்காரர், கோவேறு கழுதை ஓட்டுபவர், துப்புரவு செய்பவர். ராணுவப் பதிவேடு இவர்களைப் 'பின்தொடர்வோர்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. சுக்கா அவர்களில் ஒருவர். 1915 ஜனவரி 12 அன்று இறந்தார். கல்லில் உள்ளபடி வயது 30.

இறந்தபின் அவரை எங்கே வைப்பது என்பதே கேள்வியானது. இந்து, சீக்கிய வீரர்களுக்குத் தகன ஏற்பாடு இருந்தது. பிரைட்டனுக்கு மேலே குன்றில் அப்படித் தகனமான 53 பேருக்காக எழுந்த சத்ரி மண்டபம் 1921இல் திறக்கப்பட்டது. முஸ்லிம்களுக்கு வோக்கிங் பகுதியில் அடக்கம். சாதி அடுக்கின் அடியில் வைக்கப்பட்ட துப்புரவுச் சமூகத்தவரான சுக்காவுக்கு இரண்டு வழியும் கிடைக்கவில்லை. காயமடைந்த இந்திய வீரர்களின் நலனுக்குப் பொறுப்பாக இருந்த வால்டர் லாரன்ஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார். கடைசியில் பிராக்கன்ஹர்ஸ்ட் ஆலயத்தின் குருவானவர் தம் தோட்டத்தில் இடம் தந்தார்.

ஊர்க்காரர்கள் வைத்த கல்லில் நீண்ட வாசகம் இருக்கிறது. அவருடைய முகவரி, அவர் குடியிருந்த பகுதியான முகல்லாவின் பெயர்வரை உண்டு. நாட்டையும் வீட்டையும் நண்பர்களையும் விட்டு வந்தவர், இந்தப் பங்கில் உள்ள மருத்துவமனையில் எளிய ஊழியராகப் பணிசெய்தவர் என்று சொல்கிறது. நம்பிக்கையால் அவர் கிறிஸ்தவர் அல்லர், ஆனால் பிறர் நலனுக்காக உயிர் கொடுத்தவர் என்கிறது. பைபிளின் எபேசியர் நிருபத்தில் எல்லோருக்கும் தகப்பனான ஒரே கடவுளைப் பற்றி வரும் வசனத்தோடு முடிகிறது.

அந்த வாசகத்தில் பேரரசின் பெருமிதமும் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. எங்கள் மன்னருக்கும் பேரரசுக்கும் ஊழியம் செய்ய வந்தவர் என்றுதான் அதுவும் பேசுகிறது. அப்படி இருந்தாலும் எனக்கு இந்தக் கல் மிகப் பெரிதாகத் தெரிகிறது. பிறந்த சமூகமே சாவிலும் தள்ளிவைத்த ஒரு மனிதருக்குப் பெயர், ஊர், வயது, இறந்த நாள் நான்கையும் சேர்த்துக் கல்லில் எழுதிவைத்தவர்கள் அவர் மொழியே தெரியாத கிராமத்து மக்கள். அதுவும் ஆணையம் பிறப்பதற்கும் சமத்துவக் கொள்கை எழுதப்படுவதற்கும் முந்தைய ஒரு சாவுக்காக.

பெயரும் எண்ணிக்கையும்

இதை ஈராக்கின் பஸ்ரா நினைவுச் சின்னத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். மெசபடோமியாவில் இறந்து சமாதி தெரியாமல் போன சுமார் 40,000 பேருக்கான சின்னம் அது. அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர் கல்லில் இருக்கிறது. இந்தியர்களிலோ அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். மற்றவர்களுக்குப் படைப்பிரிவின் பெயரோடு ஓர் எண்ணிக்கை. சுக்கா பிராக்கன்ஹர்ஸ்டில் சாகாமல் அங்கே செத்திருந்தால் அந்த எண்ணிக்கையில் ஒன்றாகியிருப்பார்.

இது தற்செயல் அல்ல என்பதை ஆணையமே ஒப்புக்கொண்டது. 2021 ஏப்ரலில் வெளியான அதன் சிறப்புக் குழு அறிக்கையின் கணக்கு:

1. 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. இவர்கள் பெரும்பாலும் இந்தியர்கள், ஆப்பிரிக்கர்கள், எகிப்தியர்கள், சோமாலியர்கள்.
2. குறைந்தது 1,16,000 பேர், அதிகபட்சம் 3,50,000 பேர், பெயரால் நினைவுகூரப்படவே இல்லை, அல்லது எந்த வகையிலும் நினைவுகூரப்படவில்லை.

இவர்களில் பின்தொடர்வோரும் சுமை தூக்கியவர்களும் ஏராளம்.

இன்று கல்லை யார் காப்பது?

செய்திகளில் 'இரண்டாம் தரப் பட்டியலில் சேர்க்கப்பட்ட போர்ச் சின்னம்' என்று படித்தால், அது தரக்குறைவு என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் வரலாற்றுச் சிறப்புள்ள கட்டுமானங்களை மூன்று தரமாகப் பட்டியலிடுகிறார்கள். முதல் தரம் மிக அரியவற்றுக்கு, அடுத்தது இரண்டாம் தர நட்சத்திரம், அப்புறம் இரண்டாம் தரம். பட்டியலில் உள்ள பெரும்பாலானவை இந்தக் கடைசி வகை. போரின் நூற்றாண்டையொட்டி 2,500 சின்னங்களைப் புதிதாகச் சேர்க்கும் திட்டத்தை ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பு எடுத்துக்கொண்டது.

உரிமைதான் சிக்கல். பணம் திரட்டிய குழு 1920களிலேயே கலைந்துவிட்டது, பத்திரம் எதுவும் இருக்காது. 1923ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று போர்ச் சின்னப் பராமரிப்புக்குச் செலவிட உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தந்தது, ஆனால் கட்டாயமாக்கவில்லை. தோட்டம் அர்ச்சிக்கப்பட்ட நிலம் என்பதால் கல்லைத் தொட வேண்டுமானால் மறைமாவட்டத் திருச்சபை நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். சின்னம் தனியாகப் பட்டியலில் இருந்தால் உள்ளாட்சியின் அனுமதியும் தேவைப்படலாம். ஒரு பெயரைச் சேர்க்க ஊரே ஒத்துக்கொண்டாலும் நாளாவது இதனால்தான்.

கல்லைச் சுத்தம் செய்வதற்கும் இதே கட்டுப்பாடு உண்டு. நல்லெண்ணத்தோடு மணல் பீய்ச்சியோ அமிலம் ஊற்றியோ தேய்த்தால் கல்லின் மேற்பரப்பு போய்விடும், அதோடு எழுத்தும் போய்விடும். பாசி படிந்த பெயரைப் படிக்கலாம். தேய்த்து அழித்த பெயரைத் திரும்பப் பெற முடியாது.

பராமரிப்பு உறுதியில்லாத இடங்களில் ஆணையம் வேறொரு வழி எடுத்தது. அதற்குச் சான்று சென்னை நந்தம்பாக்கத்திலேயே இருக்கிறது. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பல ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப் போர்ச் சமாதிகளை ஒன்றாகக் கொண்டுவந்து அமைத்ததுதான் அங்குள்ள மெட்ராஸ் போர்க் கல்லறை. முதல் உலகப் போரில் இறந்து, சமாதிகளைப் பேண முடியாமல் போன ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்கே ஒரு நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன.

ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைக் கொண்டும் படைப்பிரிவைக் கொண்டும் யாரும் தேடலாம், கட்டணம் இல்லை. இந்தியர் பலரின் பதிவில் தந்தை பெயரும் கிராமம், வட்டம், மாவட்டம் ஆகியவையும் உண்டு. அவை ஆங்கிலேயரின் காதில் விழுந்தபடி எழுதப்பட்டவை. ஆகவே ஓர் ஊரின் பெயரைத் தேடும்போது இன்றைய எழுத்துக்கூட்டலோடு நின்றுவிடாமல், அந்தக் காலத்து ஆங்கில எழுத்துகளையும் இரண்டு மூன்று விதமாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.